அண்டார்டிகா தீபகற்பத்துக்குக் கப்பலில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, டிரேக் நீரிணையைக் கடந்து, அண்டார்டிகா தீபகற்பத்தின் மேற்குக் கரையைப் பார்த்துத் திரும்பும் 10, 11 நாள் பயணத்தைப் பற்றிய கேள்விகள் இவை. சுற்றுலாவாக அண்டார்டிகா போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வழியில்தான் போகிறார்கள். ஆர்க்டிக் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் ஒரு பதில் கீழே உண்டு.

10, 11 நாள் பயணத்தில் அண்டார்டிகாவில் எத்தனை நாள் கிடைக்கும்?

4 அல்லது 5. டிரேக்கைக் கடக்கப் போகும்போது 2 நாள், வரும்போது 2 நாள். கப்பலேறும் நாள் மாலைதான் தொடங்கும், இறங்கும் நாள் காலையிலேயே முடிந்துவிடும். நடுவில் மிஞ்சும் நாட்களில் காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை எனக் கப்பலைவிட்டு வெளியே போவீர்கள். ஒவ்வொரு முறையும் 2 முதல் 3 மணி நேரம். எல்லாம் கூடிவந்தால் மொத்தம் 8 முதல் 10 தடவை. அதில் ஒன்றிரண்டைக் காற்று பறித்துக்கொள்ளும். கணக்கு இப்படி இருப்பதால், ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் பயணத்துக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது, பால்கனி வைத்த கேபினுக்குக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கப்பலை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் கேட்க வேண்டியது பயணிகளின் எண்ணிக்கை. சாப்பாட்டுக்கூடமும் நீச்சல்குளமும் பிறகு.

காரணம், 100 என்ற வரம்பு. ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் வேறு கப்பலும் ஆள் இறக்கக்கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எங்கேயும் ஆள் இறக்கவே முடியாது. சுற்றுலா நிறுவனங்கள் 1991-ல் சேர்ந்து தொடங்கிய ஐயாட்டோ என்ற பன்னாட்டுச் சங்கத்தின் விதிகள் இவை. 2009-ல் அண்டார்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டமும் இவற்றை ஏற்றது.

இதை உங்கள் கடிகாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். 100 பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி, முழு நேரமும் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் இரண்டு குழு: ஒரு குழு கரையில் இருக்கும்போது மற்றது ரப்பர் படகில் பனிமலைகளைச் சுற்றும், பாதி நேரத்தில் இடம் மாறும். இதில் பெரிய நஷ்டம் இல்லை. 400, 500 பேர் என்றால் ஆளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே நல்லது. பல நாட்களில் ஒரு தடவைதான் இறங்க முடியும். 500-ஐத் தாண்டிய கப்பலில் பெங்குவினைத் தளத்தில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதோடு சரி. விலை மலிவாகத் தெரியும் விளம்பரங்களில் 'அண்டார்டிகா காட்சிப் பயணம்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சிறிய கப்பலுக்கு ஒரு குறை உண்டு: டிரேக்கில் அதிகம் ஆடும். அலை தாங்கும் துடுப்புகள், அதாவது ஸ்டெபிலைசர், இருக்கிறதா என்று கேட்கலாம். பதிவு செய்யும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று: அந்தப் பயணத்தில் அதிகபட்சப் பயணிகள் எத்தனை, எத்தனை வழிகாட்டிகள், நிறுவனம் ஐயாட்டோ உறுப்பினரா.

எந்த மாதம் போகலாம்?

பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் கடைசியில் முடிகிறது. ஒவ்வொரு மாதமும் வேறு ஊர் மாதிரி.

நவம்பரில் பனி முழங்கால் ஆழம், கறை படியாத வெள்ளை. ஜென்டூ பெங்குவின்கள் கூடு கட்டும் நேரம். கூடு என்றால் கூழாங்கல் குவியல்தான். ஆண் ஒவ்வொரு கல்லாக அலகில் கவ்விவந்து பெண்ணின் காலடியில் வைக்கும். பக்கத்துக் கூட்டுக்காரர் தலையைத் திருப்பினால் அங்கிருந்தே ஒரு கல்லைத் திருடிக்கொண்டு ஓடும். இந்த ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நிற்கலாம். ஆனால் கடல்பனி இன்னும் விலகியிருக்காது. தெற்கே லெமேர் கால்வாய் போன்ற இடங்கள் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

டிசம்பரில் முட்டை. ஜென்டூ இரண்டு முட்டையிட்டு, தாயும் தந்தையும் மாறி மாறிச் சுமார் 35 நாள் அடைகாக்கும். மாதக் கடைசியில் முதல் குஞ்சுகள் தலைகாட்டும். இரவு கிட்டத்தட்ட இல்லை. தூங்கக் கண்மறைப்புத் துணி கொண்டுபோங்கள்.

ஜனவரி முழுக்கக் குஞ்சுகள். மேலே ஸ்குவா பறவை வட்டமிடும், கூட்டமே கத்தும், சில சமயம் கண்ணெதிரே குஞ்சு ஒன்று போய்விடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வழிகாட்டி தலையிட மாட்டார், நீங்களும் கூடாது. ஸ்குவாவுக்கும் குஞ்சு காத்திருக்கிறது.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் திமிங்கிலங்கள். கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று கொழுக்க வந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் விரிகுடாக்களில் நிறைந்திருக்கும். கரை அவ்வளவு அழகாக இராது: பனி உருகி, சேறும் எச்சமும் கலந்து, நாற்றம் கப்பல் வரை வரும். வளர்ந்த பெங்குவின்கள் இறகு உதிர்க்கும் காலமும் இதுவே. பனி பின்வாங்கியிருப்பதால் 66 டிகிரி 33 நிமிடத்தில் உள்ள துருவ வட்டத்தைக் கடக்கும் பயணங்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜனவரி கடைசி 10 நாட்களைச் சொல்வோம். குஞ்சும் இருக்கும், திமிங்கிலமும் வந்திருக்கும்.

டிரேக் நீரிணை அவ்வளவு மோசமா? வாந்தி வராமல் என்ன செய்வது?

சில சமயம் ஏரி போல இருக்கும், சில சமயம் 8 மீட்டர் அலை எழும். அந்த அகலாங்கில் உலகைச் சுற்றி எங்கேயும் நிலம் குறுக்கே இல்லை. மேற்குக் காற்றும் அதோடு ஓடும் நீரோட்டமும் தடையில்லாமல் சுற்றிவந்து, தென் அமெரிக்காவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவே உள்ள சுமார் 800 கிலோமீட்டர் இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன.

மாத்திரையில் எல்லோரும் செய்யும் தவறு நேரம். குமட்டல் தொடங்கியபின் விழுங்கினால் அது வயிற்றில் தங்காது. கப்பல் மாலையில் கிளம்பும். முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாயின் அமைதியான நீர். நள்ளிரவு வாக்கில்தான் திறந்த கடல். ஆகவே முதல் மாத்திரை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். மெக்லிசின், புரோமெதசின் இரண்டும் தூக்கம் வரவழைக்கும், அந்த இரவுக்கு அது நல்லதே. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் பட்டை 3 நாள் வேலை செய்யும், ஆனால் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். கண்ணழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக்கூடாது. எந்த மருந்தானாலும் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

கேபின் எடுக்கும்போது கீழ்த்தளமாக, கப்பலின் நடுப்பகுதியாகப் பாருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் குறைவு. வெறும் வயிறு வேண்டாம்: உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாக. முடியாவிட்டால் படுத்துவிடுங்கள். செல்போன் திரையைப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

டிரேக்கில் அடிபடுவது பெரும்பாலும் கதவில்தான். கப்பல் சாயும்போது கனமான கதவு தானாக அறைந்து சாத்திக்கொள்ளும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். நிலைச்சட்டத்தில் விரல் வைக்கவே வைக்காதீர்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும்.

படுக்கையிலேயே கிடந்து கடந்துவிடவும் வேண்டாம். பின்தளத்தில் நின்றால் வாண்டரிங் ஆல்பட்ராஸ் பறவை கப்பலைத் தொடர்ந்து வரும். சிறகு விரித்தால் 3 மீட்டருக்கு மேல். ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் அலை முதுகைத் தொட்டும் தொடாமலும் பல நிமிடம் மிதக்கும்.

விமானத்தில் போய் டிரேக்கைத் தவிர்க்க முடியாதா?

முடியும். சிலியின் புண்டா அரீனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானம், சுமார் 2 மணி நேரம், அங்கே கப்பலேறலாம். விலை கூடும். மூடுபனி இருந்தால் அந்தச் சரளை ஓடுதளத்தில் விமானம் இறங்காது. ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பது சகஜம், சில சமயம் பயணமே ரத்தாகும். ஒப்பந்தத்தில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

என்னென்ன உடை வேண்டும்? மைனஸ் 40-க்குத் தயாராக வேண்டுமா?

வேண்டாம். கோடையில் தீபகற்பக் கரையில் வெப்பநிலை 0-வை ஒட்டியே இருக்கும், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. உங்களை நடுங்க வைப்பது காற்றும் ஈரமும். ஆகவே ஒரே தடிமனான உடைக்குப் பதில் மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் நீரும் காற்றும் புகாத ஜாக்கெட். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் ஆகாது. வியர்வையிலோ கடல்நீரிலோ நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

பல நிறுவனங்கள் ஜாக்கெட்டை இலவசமாகத் தருவார்கள், முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸை இரவலாகக் கொடுப்பார்கள். பதிவின்போது உங்கள் கால் அளவைக் கேட்பார்கள். தடித்த கம்பளிக் காலுறையோடு அளந்து சொல்லுங்கள். நீங்களே கட்டாயம் வாங்க வேண்டியது நீர்புகாக் கால்சட்டை. பனிச்சறுக்குக் கால்சட்டைகளில் பாதி தண்ணீரைத் தெளித்தால் மட்டும் தாங்கும், ஈரப்படகில் உட்கார்ந்தால் ஊறிவிடும். வீட்டில் ஈர பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். இந்தக் கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் அலைத் தண்ணீர் வழிந்து நேரே பூட்ஸுக்குள் போகும்.

கையுறை இரண்டு ஜோடி: உள்ளே மெல்லியது, கேமராவை இயக்க; வெளியே நீர்புகாதது. ஒரு ஜோடி நனைந்துவிடும் என்று வைத்துக்கொண்டு மாற்று எடுத்துப்போங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணை எரிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும்கூட சன்ஸ்க்ரீன் பூச வேண்டும்.

ரப்பர் படகில் ஏறி இறங்குவது கஷ்டமா?

கற்றுக்கொண்டால் கஷ்டமில்லை. ஸோடியாக் எனப்படும் காற்றடைத்த படகு, ஒன்றில் சுமார் 10 பேர்.

கிளம்பும் முன் உங்கள் அட்டையை ஸ்கேன் செய்வார்கள், அல்லது பெயர்ப்பலகையில் உங்கள் வில்லையைத் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் மறக்காமல் மறுபடி. ஒரு வில்லை திரும்பாமல் கிடந்தாலும் கப்பல் நகராது, உங்களைத் தேடத் தொடங்குவார்கள். உயிர்காப்பு அங்கியின் தொடைப்பட்டையை இறுக்குங்கள். பையை முதுகில் மாட்டுங்கள் அல்லது ஊழியரிடம் கொடுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

படிக்கட்டின் அடியில் ஊழியர் கை நீட்டுவார். உள்ளங்கையைக் குலுக்குவது போலப் பிடிக்காதீர்கள், ஈரக் கையுறை வழுக்கும். ஒருவர் முன்கையை மற்றவர் மணிக்கட்டுக்கு மேலே பற்ற வேண்டும். படகு அலையில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அது மேலே வரும்போது 'வாங்க' என்பார், அப்போது மட்டும் கால் வையுங்கள். முதல் அடி படகின் பக்கக் குழாயில், அடுத்தது தரையில், உடனே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து இடம் விடுங்கள். இடையில் எழுந்து நிற்கத் தோன்றினால் ஓட்டுநரிடம் கேட்காமல் நிற்கக்கூடாது.

கரையில் படகின் மூக்கு மணலில் முட்டியதும், ஒவ்வொருவராக முன்னே நகர்ந்து, கால்களை எஞ்சின் பக்கமாகச் சுழற்றி வெளியே போட்டு, அலை வடியும் நொடியில் இறங்க வேண்டும். தண்ணீர் பூட்ஸின் பாதி உயரம் வரை இருக்கும். முதுகுக்குப் பின் அலை வருகிறதா என்று வழிகாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் 'பொறுங்க' என்றால் காலைத் தூக்கியபடி அப்படியே இருங்கள்.

இறங்கும் முன் பூட்ஸையும் பையையும் இவ்வளவு துடைப்பது ஏன்?

உங்கள் கையுறையின் வெல்க்ரோவில் சிக்கிய ஒரு புல்விதை போதும். வருடாந்திரப் புல்வகை ஒன்று மனிதர்களோடு வந்து கிங் ஜார்ஜ் தீவில் வேர்விட்டதால், அதைப் பிடுங்கியெடுக்கப் பல வருடம் பாடுபட வேண்டியிருந்தது. ஆகவே டிரேக்கைக் கடக்கும்போதே வாக்யூம் கிளீனரும் இடுக்கியும் வைத்துக்கொண்டு எல்லோருடைய வெளியுடையையும் பையையும் சோதிப்பார்கள். வெல்க்ரோ, பையின் அடிமூலை, ட்ரைபாட் கால், இவைதான் விதை ஒளியும் இடங்கள். வீட்டிலேயே சுத்தம் செய்துவிட்டு வந்தால் உங்களுக்கும் வேலை மிச்சம்.

இரண்டாவது காரணம் இன்னும் கவலை தருவது. எச்5என்1 பறவைக்காய்ச்சல் 2023 அக்டோபரில் தென் அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவிலும், 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் உறுதியானது. அதனால் இப்போது கரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, படுக்கக்கூடாது, பையைக்கூடத் தரையில் வைக்கக்கூடாது. தரையைத் தொடுவது பூட்ஸ் மட்டும். அந்தப் பூட்ஸை ஏறும்போதும் இறங்கும்போதும் கிருமிநாசினித் தொட்டியில் நனைப்பார்கள். அதற்கு முன் அடிப்பள்ளத்தில் ஒட்டிய எச்சத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது உங்கள் வேலை. அழுக்கு இருந்தால் மருந்து உள்ளே போகாது. நோய் அறிகுறி தெரிந்த இடத்தில் இறங்குவதையே ரத்து செய்வார்கள். அப்போது வழிகாட்டியோடு வாதாடாதீர்கள்.

பெங்குவினுக்கு எவ்வளவு அருகில் போகலாம்? அதுவே என்னிடம் வந்தால்?

குறைந்தது 5 மீட்டர். அதுவே வந்தால் அசையாமல் நில்லுங்கள், தொட வேண்டாம், மெல்லப் பின்வாங்க இடமிருந்தால் பின்வாங்குங்கள். எங்கேயும் வழி அவற்றுக்குத்தான் முதலில்.

கூட்டிலிருந்து கடலுக்கு அவை போய்வந்து பனியில் கால்வாய் போலப் பாதை தேய்ந்திருக்கும். அதைக் குறுக்கே கடக்கும் முன் இருபக்கமும் பாருங்கள். அதில் உங்கள் கால் ஆழமாகப் புதைந்தால் அந்தக் குழியை பனியால் மூடுங்கள். முழங்கால் உயரமே உள்ள பறவை அதில் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும்.

ஒரு பெங்குவின் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது, அடிக்கடி பக்கம் மாறிப் பார்க்கிறது, அடைகாப்பதை விட்டு எழுந்து நிற்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே அருகில் போய்விட்டீர்கள். தாய் எழுந்த ஒரு நிமிடம் ஸ்குவாவுக்குப் போதும்.

பிப்ரவரியில் கரையில் சோர்ந்துபோய், இறகு கந்தலாக நிற்கும் பெங்குவினை நோயாளி என்று நினைப்பார்கள். அது இறகு மாற்றிக்கொண்டிருக்கிறது. புது இறகு முளைக்கும் 2, 3 வாரம் நீர்புகாத் தன்மை இருக்காது, கடலுக்குப் போய் இரை தேட முடியாது. சேமித்த கொழுப்பில்தான் உயிர் வாழ்கிறது. உங்களால் அது பத்து அடி ஓடினாலும் அந்தக் கொழுப்பில் குறைகிறது.

ஃபர் சீல் என்ற ரோமக் கடல்நாய்க்கு 15 மீட்டர். பிப்ரவரியில் இளம் ஆண்கள் கரைக்கு வரும், நாயைப் போலப் பாய்ந்து துரத்தும், கடியும் கிருமியும் பொல்லாதவை. திரும்பி ஓடாதீர்கள், நின்று கையை உயர்த்தித் தட்டினால் நின்றுவிடும். படகில் இருக்கும்போது சிறுத்தை சீல் பக்கத்தில் வந்தால் கையை உள்ளே வையுங்கள். ஸோடியாக்கின் குழாயையே கடித்துப் பார்க்கும் பிராணி அது.

எம்பரர் பெங்குவினைப் பார்க்கலாமா?

இந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம். தீபகற்பத்தின் மேற்கில் பார்ப்பவை ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி. எம்பரருக்கு வெடெல் கடல் பக்கம் ஸ்னோ ஹில் தீவுக்கு, ஹெலிகாப்டர் வைத்த பனியுடைப்புக் கப்பலில் போக வேண்டும். விலை பல மடங்கு, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கிங் பெங்குவினை லட்சக்கணக்கில் பார்க்க ஆசையென்றால் தெற்கு ஜார்ஜியாவைச் சேர்த்த 18 நாளுக்கு மேற்பட்ட பயணம்தான் வழி.

பனிக்கரடி?

அது வடதுருவப் பக்கம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லாங்யியர்பியன் ஊரிலிருந்து கப்பல்கள் கிளம்பும். 2025 ஜனவரியிலிருந்து அங்கே விதி கடுமை: கரடியிடமிருந்து மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக்கூடாது. ஆகவே நல்ல தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது விசா: ஸ்வால்பார்ட் ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. நார்வே வழியாகப் போய்த் திரும்பும்போது மறுநுழைவு ஆகிறது. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

பயண அட்டவணையில் இருந்த இடத்துக்கு ஏன் கூட்டிப்போகவில்லை?

அட்டவணை என்பது ஆசைப்பட்டியல். காற்று எந்தத் திசை, பனி எங்கே அடைத்திருக்கிறது, அந்த இடத்தை எந்தக் கப்பல் முன்பதிவு செய்திருக்கிறது என்று பார்த்து, கேப்டனும் பயணத் தலைவரும் முந்தைய இரவு முடிவெடுப்பார்கள். காலையில் மறுபடி மாற்றுவார்கள்.

லெமேர் கால்வாய் சுமார் 11 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் செங்குத்து மலை. பனிமலைத் துண்டுகள் வந்து அடைத்துவிட்டால் கப்பல் வாயிலிலேயே திரும்பும். எரிமலை வாயே துறைமுகமான டிசெப்ஷன் தீவில் நுழையும் இடைவெளி குறுகியது, நடுவில் நீருக்கடியில் பாறை. பலத்த காற்றில் எந்தக் கேப்டனும் துணிய மாட்டார். நெக்கோ துறையில் வெயில் நாளிலும் ஆபத்து உண்டு. எதிரே உள்ள பனியாற்றின் முகப்பு இடிந்து விழுந்தால் சில நிமிடத்தில் அலை கரையேறும். அங்கே இறங்கியதும் நீரோரத்தில் நின்று படமெடுக்காமல் மேட்டுக்கு ஏறச் சொல்வது அதனால்தான். இடிச்சத்தம் கேட்டால் முதலில் ஏறுங்கள், பிறகு திரும்பிப் பாருங்கள்.

கேமராவுக்கு என்ன கவனம்?

குளிரைவிட ஆபத்து, குளிரிலிருந்து சூடான கேபினுக்குள் கொண்டுவருவது. கண்ணாடிக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். மெமரி கார்டை மூடும் முன்பே எடுத்துவிட்டால் பொறுமை தானாக வரும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். பனியைக் கேமரா சாம்பல் நிறமாகக் காட்டும். வெளிச்ச அளவை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். படகில் லென்ஸ் மாற்ற வேண்டாம், ஷட்டர் 1/1000-க்குக் குறைய வேண்டாம். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், பொழுதுபோக்குக்குப் பறக்கவிட அனுமதியில்லை.

திமிங்கிலம் முங்கும்போது வாலின் அடிப்பக்கம் தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைத் திட்டு நம் கைரேகை போல, ஒவ்வொன்றுக்கும் வேறு. ஹேப்பிவேல் என்ற தளத்தில் இடமும் தேதியும் சேர்த்து ஏற்றினால், அது முன்பு எங்கே பார்க்கப்பட்ட திமிங்கிலம் என்று தெரியவரும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், பதிவின்போதே எழுதிக் கொடுத்தால். 'சைவம்' என்று மட்டும் எழுதாமல் முட்டை, மீன் சாறு, ஜெலட்டின் ஆகியவை கூடாது என்று பிரித்து எழுதுங்கள். உஷுவாயாவுக்குப் பிறகு கடை இல்லை. கரைக்குத் தண்ணீர் பாட்டிலைத் தவிர எந்தத் தின்பண்டமும் கொண்டுபோகக்கூடாது, கழிப்பறையும் கிடையாது; கிளம்பும் முன் போய்வந்துவிடுங்கள்.

விசா, காப்பீடு, செலவு?

அண்டார்டிகாவுக்கு விசா இல்லை; அர்ஜென்டினாவுக்கு உண்டு. கப்பல் வெளியே போய்த் திரும்பி வருகிறது என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டு, மறுநுழைவுக்கு இடம் உள்ள விசாவாகக் கேளுங்கள்.

புவெனஸ் ஐரிஸில் பன்னாட்டு விமானம் எசெய்சா விமான நிலையத்தில் இறங்கும். உஷுவாயா விமானம் பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம். மாற இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்காமல் டிக்கெட் போட்டால் தவறவிடுவீர்கள். உஷுவாயாவுக்குக் குறைந்தது ஒரு முழுநாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது, பெட்டி பின்னால் வந்தால் அனுப்பிவைக்க வழியில்லை.

காப்பீட்டில் அவசர மருத்துவ வெளியேற்றம் அண்டார்டிகாவுக்கும் பொருந்தும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் இது விலக்கு.

கப்பல் கட்டணம் மட்டும் ஆளுக்கு 6,000 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது, நல்ல சிறு கப்பலில் அதைப்போல் இரண்டு மடங்கு சகஜம். விமானம், காப்பீடு, உடை, டிப்ஸ் தனி.

வயதானவர்கள், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் போகலாமா?

எழுபது தாண்டியவர்கள் நிறையப் போகிறார்கள். பிறர் தூக்காமல் படிக்கட்டு இறங்கி, ஆடும் படகில் கால் வைக்க முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். கப்பலில் ஒரு டாக்டரும் சிறு மருத்துவ அறையும் உண்டு, அறுவைக்கூடம் இல்லை. பெரிய பிரச்சினை என்றால் கிங் ஜார்ஜ் தீவிலிருந்து விமானம், அதுவும் வானம் திறந்தால். நாட்கள் ஆகலாம். ஆகவே சமீபத்தில் மாரடைப்பு, அறுவை நடந்தவர்கள் தள்ளிப்போடுவதே சரி. மருந்து முழுவதும் கைப்பையில், ஒரு வாரம் கூடுதலாக. இன்சுலின் உறையக்கூடாது, வெளியே போகும்போது உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

கப்பல் மூழ்கிய சம்பவம் உண்டா?

உண்டு. 2007 நவம்பர் 23-ல், எம்.எஸ். எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் தெற்கு ஷெட்லாந்து தீவுகள் அருகே பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிப் பல மணி நேரம் குளிரில் காத்திருந்து, அந்தப் பக்கம் வந்த நார்வே கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். 2017-லிருந்து துருவக் கடல்களுக்கான பன்னாட்டுக் கப்பல் விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. முதல் நாள் நடக்கும் பயிற்சியில் உங்கள் கூடுமிடம் எது, அங்கியின் விளக்கு எங்கே என்று பார்த்துவையுங்கள்.

நாம் போவதாலேயே அந்த இடம் கெடாதா?

கெடும் வாய்ப்பு உண்டு என்பதே நேர்மையான பதில். 2023-24 பருவத்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் போனார்கள், அதில் ஒரு பகுதியினர் இறங்கவில்லை. இந்தியாவிலிருந்து போய்வரும் விமானமும் கப்பலும் சேர்த்து ஒருவருக்குப் பல டன் கார்பன். தீபகற்பம் வேகமாகச் சூடான பகுதி. மேற்குக் கரையில் அடேலியும் சின்ஸ்ட்ராப்பும் குறைய, ஜென்டூ தெற்கே பரவுகிறது. அதற்குக் காரணம் காலில் மிதிக்கும் சுற்றுலாவைவிட உலகச் சூடுதான், ஆனால் அந்தச் சூட்டில் நம் பயணமும் சேர்த்தி.

காவல் கொஞ்சம் இருக்கிறது. கனரக எரிஎண்ணெய் 2011 ஆகஸ்ட் முதல் அங்கே தடை. திமிங்கிலம் மேயும் சில இடங்களில் ஐயாட்டோ கப்பல்கள் மணிக்கு 10 கடல்மைலுக்கு மேல் வேகம் போவதில்லை. 1991-ல் மாட்ரிடில் கையெழுத்தான சூழல் உடன்படிக்கை சுரங்கத்தைத் தடுக்கிறது. 1983-லிருந்து அண்டார்டிகா ஒப்பந்தத்தில் இருக்கும் இந்தியா, 2024 மே மாதம் கொச்சியில் 46-வது ஆலோசனைக் கூட்டத்தை நடத்தியது. சுற்றுலாவுக்கென்றே தனி விதிகள் எழுதும் பேச்சு அங்கே தொடங்கியது. அந்த விதிகள் கடுமையாக வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம், இடம் கிடைப்பது அரிதானாலும்.

இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆராய்ச்சி நிலையங்களைப் பார்க்கலாமா?

முடியாது. இரண்டும் கிழக்கு அண்டார்டிகாவில், இந்த வழியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன.

நினைவுப் பொருளாக என்ன கொண்டுவரலாம்?

கல், இறகு, எலும்பு, ஓடு எதுவும் கூடாது, கடற்கரையில் கிடக்கும் உடைந்த திமிங்கில விலா எலும்பின் துணுக்கும்கூட. அந்தக் கூழாங்கல் அடுத்த நவம்பரில் ஒரு ஜென்டூவின் கூட்டுக்கு வேண்டும். கப்பல் போர்ட் லாக்ராயில் நின்றால், 1944-ல் பிரிட்டன் அமைத்த பழைய தளத்தின் தபால் நிலையத்தில் அட்டை வாங்கி ஊருக்கு எழுதிப் போடலாம். முகவரியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதுங்கள். நீங்கள் வீடு வந்து பல வாரம், சில சமயம் பல மாதம் கழித்து அது வந்து சேரும்.